ஆரஞ்சின் பெயர்களைத் தேடி: ஒரு சொல்லைப் பல மொழிகளில் பார்க்கும் முறை

ஏதாவது ஒரு சொல்லை எடுத்து, மற்ற மொழிக்காரர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரு நோட்டு, பக்கத்துக்கு ஒரு சொல். வேறு சாமான் வேண்டாம்.

முதலில் பழமோ பானமோ எடுங்கள். கப்பலேறிப் போன பொருளின் பெயரில்தான் கதை இருக்கும். 'நேர்மை', 'அன்பு' என்று ஆரம்பித்தால் இரண்டாவது மொழியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

தேட மொழிபெயர்ப்புச் செயலியை நம்பாதீர்கள். பல சமயம் நடுவில் ஆங்கிலம் புகுந்துவிடும். 'அண்ணன்' அங்கே 'பிரதர்' ஆனதுமே வயது காணாமல் போய்விடும். இந்தோனேசிய மொழியிலோ 'காகாக்' என்றால் உடன்பிறந்தவரில் மூத்தவர், 'ஆதிக்' என்றால் இளையவர். ஆணா பெண்ணா என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஆங்கிலம் பாலைப் பார்க்கிறது, இந்தோனேசிய மொழி வயதைப் பார்க்கிறது, தமிழ் இரண்டையும் பார்க்கிறது. விக்சனரி என்ற இணைய அகராதியின் ஆங்கிலப் பதிப்பில் மொழிபெயர்ப்புகளைப் பொருள்வாரியாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள், அங்கே போங்கள். விக்கிப்பீடியாக் கட்டுரையின் மொழிப் பட்டியலும் உதவும்.

கிடைத்ததை அகரவரிசையில் எழுதாமல், ஒலி ஒத்ததையெல்லாம் ஒரே குவியலாகப் போடுங்கள். ஆரஞ்சையே பாருங்கள். ஸ்பானிய 'நரான்ஹா', அரபு 'நாரஞ்ச்', முதல் 'ந'வைத் தொலைத்துவிட்ட இத்தாலிய 'அரான்ச்சா', பிறகு நம் ஆரஞ்சு: ஒரு குவியல். பின்னோக்கிப் போனால் சமஸ்கிருத 'நாரங்க'. அதற்கும் திராவிட மூலம் இருக்கவேண்டும் என்பது பல அறிஞர்கள் கருத்து. துருக்கிய 'போர்த்தகால்', கிரேக்க 'போர்டோகாலி', அரபு 'புர்துகால்' இன்னொன்று, போர்ச்சுகலின் பெயரேதான். டச்சுக்காரருக்கு அது 'சீன ஆப்பிள்'. ரஷ்ய 'அபெல்சின்' அதற்கு உறவு.

அரபு இரண்டு குவியலிலும் வந்ததைக் கவனித்தீர்களா? இப்படி வந்தால் விடாதீர்கள். 'நாரஞ்ச்' கசப்பு ஆரஞ்சு, முன்னாலேயே வந்தது. 'புர்துகால்' இனிப்பு, போர்ச்சுகீசிய வணிகர்களால் பிற்பாடு பரவியது. பழம் இரண்டு, அதனால் பெயரும் இரண்டு.

ஓர் எச்சரிக்கை. கொரிய மொழியில் அப்பாவுக்கு 'அப்பா' என்றே சொல்வதைப் பார்த்து நானும் துள்ளிக் குதித்தவன்தான். குழந்தை வாயில் ம, ப ஒலிகள் முதலில் வருவதால் பெற்றோர் பெயர்கள் எங்கும் ஒத்துப்போகும் என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-லேயே விளக்கிவிட்டார். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தெதா'. உறவுப்பெயரை வைத்து மொழிகளுக்குச் சொந்தம் கொண்டாட வேண்டாம்.

பக்கத்தில் பாதியைக் காலியாக விட்டு எழுதுங்கள். என் ஆரஞ்சுப் பக்கத்தில் இடமில்லாமல் ருமேனிய 'போர்டோகாலா' ஓரத்தில் செங்குத்தாக நிற்கிறது.