உமி கரியாகும், கரி காபனாகுமா? கழிவுநீருக்கான ஏவப்பட்ட காபன் தயாரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்போக அறுவடை முடிந்து சூடடித்த நெல் ஆலைக்கு வந்துசேரும் நாட்களில், சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று பக்கத்து அரிசி ஆலைகளின் பின்புறம் உமி மலையாகக் குவிந்துவிடும். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமிதான். அவிப்பதற்கான அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போக மிஞ்சுவது வீதியோரத்தில் புகைந்துகொண்டு கிடக்கும். இதற்கு மேல் சிரட்டை, ஊமல், கச்சான் கோது, ஹிங்குராணைப் பக்கத்துக் கரும்புச் சக்கை என்று எரிப்பதற்கோ எறிவதற்கோ காத்திருக்கும் பொருட்களுக்குக் குறைவில்லை. மறுபுறத்தில், நெல் அவித்த நீரும் மருதமுனை போன்ற கைத்தறி ஊர்களில் நூலுக்குச் சாயமிட்ட நீரும் வடிகான் வழியே வெளியேறுகின்றன. உமியையும் கோதையும் ஏவப்பட்ட காபனாக்கி, அதாவது நீரில் கரைந்த அழுக்கைத் தன் நுண்துளைகளில் பிடித்துவைக்கும் கரியாக்கி, ஒரு கழிவைக் கொண்டு இன்னொரு கழிவைத் தீர்க்கலாம் என்ற எண்ணம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பவர்களுக்கு இயல்பாகவே தோன்றும். அந்த எண்ணத்தில் பிழையும் இல்லை. ஆனால் மாணவர்களின் செயற்றிட்டங்களையும் சிறு முயற்சியாளர்கள் கொண்டுவரும் மாதிரிகளையும் சில ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பெரும்பாலானவர்கள் சூளையில் தவறுவதில்லை; எந்த நீருக்காக இந்தக் காபன் என்ற கேள்வியைக் கேட்காமல் சூளையை மூட்டுவதில்தான் தவறுகிறார்கள்.

இருந்தாலும் சூளையிலிருந்தே தொடங்குவோம். சாம்பலையும் கரியையும் ஏவப்பட்ட காபனையும் ஒன்றென்று எண்ணுவது நான் அடிக்கடி காணும் முதல் தவறு. ஒருமுறை மாணவர் ஒருவர் பொலித்தீன் பையில் உமிக்கரி என்று கொண்டுவந்த தூளை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தபோது, அது கறுப்பாக அப்பாமல் வெளிறிய சாம்பல் நிறத்தில் நறநறத்தது. திறந்தவெளியில் காற்றுப்பட எரிந்ததால் அதிலிருந்த காபன் காபனீரொட்சைட்டாகப் போய்விட்டது. கையில் எஞ்சியது சிலிக்கா மட்டுமே. கரி வேண்டுமானால் காற்றை அடைத்து, 400 முதல் 600 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் பொருளைச் சிதையவிட வேண்டும். மூடிய பீப்பாய்க்குள் உமியை வைத்து வெளியிலிருந்து சூடாக்குவது இதற்குப் போதும். புகை போவதற்குச் சிறு துவாரம் இருக்கலாம், காற்று நுழைவதற்கு வழி இருக்கக்கூடாது.

அப்படிக் கிடைக்கும் கரியும் ஏவப்பட்ட காபன் அல்ல. கரியின் துளைகள் தாராலும் எரியாத எச்சங்களாலும் அடைபட்டிருக்கும். அவற்றைத் திறந்து, ஒரு கிராமுக்கு 500 முதல் 1500 சதுர மீற்றர் வரையிலான உட்பரப்பை உண்டாக்கும் வேலையே ஏவல். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 800 முதல் 1000 பாகை வெப்பத்தில் நீராவியையோ காபனீரொட்சைட்டையோ கரியினூடாகச் செலுத்தி, கரியின் ஒரு பகுதியை அரித்தெடுப்பது. மற்றது, மூலப்பொருளைப் பொசுபோரிக்கமிலம், நாகக் குளோரைட்டு போன்றவற்றில் ஊறவைத்துப் பின்னர் சூடாக்குவது. கரி மூட்டத்தைத் திறந்ததும் தகதகக்கும் கரியின் மீது வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நீராவி ஏவல் நடந்துவிட்டது என்று எழுதிக்கொள்வோரை நான் கண்டிருக்கிறேன். அந்தத் தண்ணீர் கரியை அணைத்துவிடும். சில நொடிகளில் வெப்பம் இறங்கிவிடுவதால் அரிப்பு நடப்பதற்கு வாய்ப்பே இல்லை. காபனோடு நீராவி தாக்கமுறுவது வெப்பத்தை உள்வாங்கும் தாக்கம் ஆதலால், அந்த வெப்பநிலையை விடாமல் மணிக்கணக்கில் பேணுவதற்கு அடுப்பு வேண்டும், எரிபொருள் வேண்டும், ஏவலின்போது கரியில் பாதியளவை இழக்கும் மனமும் வேண்டும்.

உமியைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் உண்டு, பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதில்லை. நூறு கிலோ உமியைக் கரியாக்கினால் ஏறத்தாழ 35 கிலோ கிடைக்கலாம். அதில் பாதிக்குக் கிட்டிய அளவு சிலிக்கா. சிலிக்கா சாயத்தைப் பெரிதாகப் பிடிக்காது. நிறையை மட்டும் கூட்டிக் காட்டும். கரியைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஒரு மணித்தியாலமளவு கொதிக்கவைத்தால் சிலிக்கா நீரில் கரையும் சோடியம் சிலிக்கேற்றாக வெளியேறி, அது இருந்த இடங்கள் துளைகளாகின்றன. இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு உமிக்காபன் வேலை செய்யவில்லை என்று முடிவெடுப்பது உமி குத்திக் கை சலித்த கதைதான். அந்தக் காரநீரை அப்படியே வடிகானில் ஊற்றுவது அதைவிடப் பெரிய தவறு. அமிலமிட்டு நடுநிலையாக்கினால் அதிலிருந்து சிலிக்கா கூழாகப் பிரிந்துவரும். அதைக் காயவைத்துப் பயன்படுத்தவும் முடியும்.

சிரட்டையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. சாம்பல் சொற்பம், கரி கடினமானது. இலங்கையிலிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாகும் ஏவப்பட்ட காபன் பெரும்பாலும் சிரட்டைக்கரியிலிருந்து செய்யப்படுவதற்குக் காரணமும் இதுவே. ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. சிரட்டைக் காபனின் துளைகளில் மிகப் பெரும்பாலானவை 2 நனோமீற்றருக்கும் குறுகலானவை. அயடீன் போன்ற சிறிய மூலக்கூறுகள் அவற்றுள் இலகுவில் நுழைந்துவிடுவதால் அயடீன் எண், அதாவது ஒரு கிராம் காபன் பிடிக்கும் அயடீனின் மில்லிகிராம் அளவு, உயர்வாக வரும். குளோரீனையும் சிறிய கரிமச் சேர்மங்களையும் அது நன்றாகவே பிடிக்கும். சாய மூலக்கூறு பலவேளை அந்த வாசலுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. அயடீன் எண்ணை மட்டும் பார்த்துச் சாய நீருக்குக் காபன் தெரிவுசெய்பவர், உயர்ந்த விலை கொடுத்துக் குறைந்த வேலையை வாங்குகிறார். பொசுபோரிக்கமிலத்தால் ஏவப்பட்ட மர, கோதுக் காபன்களும் சிலிக்கா நீக்கப்பட்ட உமிக்காபனும் ஓரளவு அகன்ற துளைகளைத் தருவதால் சாயத்துக்கு அவையே கூடுதலாகப் பொருந்துகின்றன.

பொசுபோரிக்கமில முறை 400, 500 பாகையிலேயே முடிந்துவிடுவதால் சிறு ஆய்வுகூடங்களுக்கும் உகந்தது. அதிலுள்ள தவறு கழுவலில் நேர்வது. நானும் அதைச் செய்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒருமுறை, மூன்று தடவை கழுவிய காபனைப் போத்தல் நீரில் போட்டு யன்னலோரத்தில் வைத்துவிட்டு மறந்துபோனேன்; இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது நீர் பச்சையேறியிருந்தது. காபனிலிருந்து கசிந்த பொசுபேற்று, அல்காவுக்கு உரமாகிவிட்டது. போத்தலில் நடந்தது மட்டக்களப்பு வாவியில் நடந்தால் என்னவாகும் என்று யோசியுங்கள். மழையில்லா மாதங்களில் முகத்துவாரம் மண்ணால் அடைபட்டு, கடலோடு நீர் மாறாமல் தேங்கி நிற்கும் வாவிக்குச் சாயத்தை எடுத்துவிட்டுப் பொசுபேற்றைக் கொடுப்பது சுத்திகரிப்பு ஆகாது. சுடுநீரில், வடிநீரின் பீஎச் பெறுமானம் நடுநிலைக்கு வந்து நிலைக்கும் வரை கழுவ வேண்டும். முதல் இரண்டு கழுவல்களின் அமில நீரைச் சேமித்து வற்றவைத்தால் அடுத்த முறைக்கு அதையே பயன்படுத்தலாம். நாகக் குளோரைட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை: எஞ்சும் நாகம் மீனுக்கு நஞ்சு.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். மாணவர்களின் அறிக்கைகளில் ஏறக்குறைய எல்லாமே மெதிலீன் நீலத்தில் தொடங்கி மெதிலீன் நீலத்திலேயே முடிகின்றன. அது மலிவானது, நிறம் தெளிவானது, அளப்பது எளிது. ஆனால் மெதிலீன் நீலம் நேரேற்றம் கொண்ட சாயம். பருத்தி நூலுக்குப் பரவலாகப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களோ மறையேற்றம் கொண்டவை. அந்தச் சாயத்தொட்டியில் உப்பும் சோடாவும் சேர்க்கப்படுவதால் வெளியேறும் நீரின் பீஎச் 10க்கு மேலே போய்விடுகிறது. அந்தக் காரநிலையில் காபனின் பரப்பும் மறையேற்றம் பெற்றுச் சாயத்தைத் தள்ளிவிடுகிறது. மெதிலீன் நீலத்தைச் சொட்டு மிச்சமின்றி விழுங்கிய அதே காபன் தொட்டி நீரில் கைவிரிப்பது இதனால்தான். முதலில் அமிலமிட்டு நீரை நடுநிலைக்கோ அதற்குச் சற்றுக் கீழோ கொண்டுவந்து, பிறகு காபனைச் சேர்க்க வேண்டும். சாயமிடுபவர் வற் சாயம் பாவிக்கிறாரா என்று கேட்டறிவதும் நல்லது. அது காற்றுப்பட்டதும் கரையாத துகளாகிவிடுவதால், படியவிட்டு வடித்தாலே பெரும்பகுதி போய்விடும், காபன் செலவழிக்க வேண்டியதில்லை.

வடிதாளும் ஏமாற்றும். மெதிலீன் நீலக் கரைசலைக் காபன் இல்லாமலேயே வடிதாளில் ஊற்றிப் பாருங்கள். தாள் நீலமாகும், நீர் வெளிறும். காபன் சேர்க்காத ஒப்பீட்டு மாதிரியையும் அதே தாளில் வடிக்காவிட்டால், தாள் செய்த வேலையும் காபனின் கணக்கில் சேர்ந்துவிடும். வேகமாகச் சுழற்றித் துகளைப் பிரிக்கும் மையநீக்கி இருந்தால் அதையே பயன்படுத்துவது உத்தமம்.

எண்களால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதற்கு ஒரு சிறிய கணக்கைக் காட்டுகிறேன். லீற்றருக்கு 10 மில்லிகிராம் சாயமுள்ள 50 மில்லிலீற்றர் கரைசலில் ஒரு கிராம் காபனை இட்டு, 99 சதவீதம் நீங்கிவிட்டது என்று எழுதுகிறார்கள். அந்தக் கரைசலில் இருந்த மொத்தச் சாயமே அரை மில்லிகிராம்தான். ஒரு கிராம் காபன் அரை மில்லிகிராமைப் பிடித்தது என்று மாற்றி எழுதினால் அதன் உண்மையான முகம் தெரியும். அதே விகிதத்தில் 1000 லீற்றர்த் தொட்டிக்கு 20 கிலோ காபன் வேண்டும். ஆகவே சதவீதத்தை எழுதும் இடத்திலெல்லாம் ஒரு கிராம் காபன் எத்தனை மில்லிகிராம் பிடித்தது என்பதையும், இறுதியில் நீரில் எஞ்சிய செறிவு எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். எஞ்சும் செறிவு குறையக் குறையக் காபனின் கொள்ளளவும் குறைந்துகொண்டே போகும் என்பது புறத்துறிஞ்சலின், அதாவது மேற்பரப்பில் பிடித்துவைப்பதன், இயல்பு. இதே காரணத்தால், வைத்திருக்கும் காபனை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்து, முதல் பாதியைப் போட்டு வடித்தபின் மறுபாதியைப் போட்டால் கூடுதல் சாயம் நீங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காபனிடம் கேட்கக்கூடாத வேலையைக் கேட்கும் தவறு இருக்கிறது. கலங்கிய கிணற்று நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்த நம் முன்னோர்களுக்கு, கலங்கல் வேறு, கரைந்த அழுக்கு வேறு என்பது அனுபவத்தால் தெரிந்திருந்தது. தேற்றாங்கொட்டை துகள்களைத் திரளச்செய்து படியவைக்கிறது. காபன் கரைந்திருக்கும் கரிமப் பொருளை மேற்பரப்பில் பிடிக்கிறது. நெல் அவித்த நீரைக் காபன் படுக்கையில் நேரே விடுவது, துளைகளை மாப்பசையால் அடைப்பதற்கே உதவும். அந்த நீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை, அதாவது அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஒட்சிசன், லீற்றருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டுவது அரிதன்று. உள்நாட்டு நீர்நிலையில் விடுவதற்கு இலங்கையின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதி வகுத்த எல்லையோ 30 மில்லிகிராம். இந்த இடைவெளியைப் படியவைத்தலும் பற்றீரியாக்களைக் கொண்ட உயிரியல் சுத்திகரிப்புமே மலிவாகக் குறைக்கும். காபன் கடைசிப் படியில் நிற்க வேண்டிய ஆள். கடலோரக் கிணறுகளின் உவர்ப்பையும் நீரின் வன்மையையும் வயலிலிருந்து கசியும் நைத்திரேற்றையும் ஏவப்பட்ட காபன் குறிப்பிடத்தக்க அளவில் நீக்காது. பீடைகொல்லிகள் பலவற்றை நன்றாகவே பிடிக்கும். குடிநீருக்கு அதை மட்டும் நம்புவதும் ஆகாது, ஏனெனில் நாட்பட்ட காபன் படுக்கை பற்றீரியாக்கள் தங்கும் வீடாகிவிடும்.

பாதுகாப்பில் மூன்று விடயங்களை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். மரமுந்திரிகைக் கோதை உமியைப் போல எரிக்கக்கூடாது. அதிலுள்ள எண்ணெயின் புகை கண்ணையும் தோலையும் வேகவைக்கும். உயர் வெப்பத்தில் நெடுநேரம் எரிந்த உமிச்சாம்பலில் சிலிக்கா பளிங்குருவாகிவிடுவதால் அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அரைக்கும்போதும் சலிக்கும்போதும் முகக்கவசம் தேவை. மூன்றாவது பலருக்குத் தெரியாதது: ஈரமான ஏவப்பட்ட காபன் காற்றிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடும். காபன் நிரப்பிய மூடிய தொட்டிக்குள் காற்றோட்டமில்லாமல் இறங்கியவர்கள் மூச்சடைத்து இறந்திருக்கிறார்கள்.

கடைசியாக, பயன்படுத்தி முடித்த காபன். சாயம் ஏறிய காபனை உரம் என்று சொல்லி மரக்கறிப் பாத்தியில் போடும் பழக்கத்தை நான் இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன். கரி மண்ணுக்கு நல்லது என்ற பொதுவான பேச்சிலிருந்து வந்த வினை அது. ரியாக்டிவ் சாயங்கள் சிலவற்றில் செம்பும் பலவற்றில் குளோரீனும் உண்டு. காபன் பிடித்துவைத்ததை மண்ணும் மழையும் மெல்ல மெல்ல விடுவித்துவிடும். வீட்டடுப்பிலோ ஆலை அடுப்பிலோ அதை எரிப்பதும் தீர்வாகாது. வெப்பம் போதாது, செம்பு சாம்பலில் தங்கிவிடும். உயர் வெப்பத்தில் மீளுருவாக்கலாம், ஆனால் அதற்கு மீண்டும் ஏவல் அடுப்பு வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு வரை காபன் குறையும். அதற்கு வசதியில்லாதவருக்கு எஞ்சும் வழி, இத்தகைய கழிவை ஏற்கும் புத்தளம் பக்கத்துச் சீமெந்துச் சூளை. மருதமுனைக்கும் புத்தளத்துக்கும் இடையில் தீவின் முழு அகலமும் கிடக்கிறது. அந்த லொறிக் கூலியையும் ஒரு கிலோ காபனின் விலையில் சேர்த்துவிட்டு, அதன் பிறகு சூளைக்கு உமியை ஏற்றுங்கள்.