பிரெஞ்சு பிரஸ் காபியின் கசப்பைப் போக்கிய என் அனுபவம்

வீட்டில் போடும் காபிகளில் பிரெஞ்சு பிரஸ் காபிதான் எனக்கு மிகவும் பிடித்தது. காபித்தூளை வெந்நீரில் ஊறவைத்து, உலோக வலை பொருத்திய தண்டை அழுத்தி வடிக்கும் குடுவைதான் பிரெஞ்சு பிரஸ். காகித வடிகட்டி காபியின் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலோக வலையோ அதைக் கோப்பைக்குள் விட்டுவிடுவதால், சுவை கனமாக நாவில் தங்கும். ஆனால் பல மாதங்கள் நான் போட்ட காபி கசந்தது. கடைசி மிடறில் வண்டல் மண்ணைப்போல நாக்கில் நெருடியது. தூளைக் குறைத்துப் பார்த்தேன்; கசப்பு போகவில்லை, காபிதான் நீர்த்துப்போனது.

காரணம் அரைப்பில் இருந்தது. மாவுபோல நைசான தூளில் நீர் படும் பரப்பு அதிகம் என்பதால், நல்ல சுவை விரைவிலேயே இறங்கிவிட, மீதி நேரமெல்லாம் கசப்பும் துவர்ப்பும் இறங்கிக்கொண்டிருந்தன. எனவே வறுத்த கொட்டையை வாங்கி, விரலிடையே தேய்த்தால் தனித்தனியாகத் தட்டுப்படும்படி, கல்லுப்பைப்போலக் கொரகொரப்பாக அரைத்தேன். 500 மில்லி நீருக்கு 30 கிராம் தூள். கொதித்த நீரைச் சற்றே ஆறவிட்டு, ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸில் ஊற்றினேன். 4 நிமிடம் கழித்து, மேலே திரண்டிருந்த பழுப்பு ஏட்டைக் கரண்டியால் மெல்லக் கலைத்து, நுரையை எடுத்துவிட்டு, மேலும் 5 நிமிடம் தொடாமல் வைத்தபோது, தூள் தானாகவே அடியில் படிந்தது. இந்தக் காத்திருப்பை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம். வலையையும் அடிவரை அழுத்தாமல், காபியின் மேல்மட்டத்திலேயே நிறுத்தி மெதுவாகச் சாய்த்தால், வண்டல் கலங்குவதில்லை.

இன்னொரு தவறும் இருந்தது. மீந்த காபியைத் தூளோடு அப்படியே விட்டுவைப்பேன். அது ஊறிக்கொண்டே கசப்பேறும். இப்போது முழுவதையும் உடனே ஃபிளாஸ்கில் ஊற்றிவிடுகிறேன். இரண்டாவது கோப்பையும் முதல் கோப்பையைப் போலவே இருக்கிறது.