பழைய பாய்மரப் படகின் உள்மரப் பலகைகள் நீரால் கெட்டால் சீரமைக்கும் முறை

1970களிலும் 80களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கட்டப்பட்ட நடுத்தர அளவுப் பாய்மரப் படகுகளில் பெரும்பாலானவற்றின் வெளிக்கூடு கண்ணாடியிழையால் ஆனது. அக்கூடு இன்றும் உறுதியாக இருக்க, உள்ளே கேபினைப் பிரிக்கும் தடுப்புப் பலகைகள் மட்டும் கருத்தும் உப்பியும் அடிப்பகுதி உக்கியும் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தேக்கு போலத் தோன்றும் அப்பலகைகள் முழுத் தேக்கு அல்ல. ப்ளைவுட்டின் மேல் ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத தேக்கு வீனியர் ஒட்டப்பட்டவை. இதை மறந்து, கறையைக் கண்டதும் உப்புத்தாள் இயந்திரத்தைக் கையில் எடுப்பவர், கறை போவதற்கு முன்பே வீனியரைத் துளைத்துவிடுவார்.

முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் செயின்பிளேட் எனப்படும் எஃகுப் பட்டைகளில் முடிகின்றன. பல படகுகளில் இப்பட்டை மேல்தளத்தைத் துளைத்து உள்ளிறங்கி, முதன்மைத் தடுப்புப் பலகையில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அத்துளையைச் சுற்றி இடைவெளியை அடைத்திருக்கும் சீலன்ட் பசை வெடித்தால் மழைநீர் நேராகப் பலகைக்குள் இறங்கும். சன்னல் சட்டங்களும், கைப்பிடிக் கம்பிகளின் அடிப்பாகங்களும் இதே போன்ற வாசல்கள்தாம். நீர் மேல்தளத்துக்கும் உட்கூரைக்கும் இடையே நெடுந்தூரம் ஓடி வேறெங்கோ சொட்டுவதால், கறை இருக்கும் இடத்தை வைத்து ஓட்டையை முடிவு செய்யக் கூடாது. நல்ல வெயில் நாளில் ஒருவர் டார்ச்சுடன் உள்ளே இருக்க, மற்றவர் குழாய் நீரைத் தாழ்வான பொருத்துகளில் தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். கடல்நீரைவிட மழைநீரே இங்கு பெரிய பகை. உப்பு பூஞ்சையின் வளர்ச்சியை ஓரளவு தடுக்கும், நன்னீர் அதை வளர்க்கும்.

அடுத்தது சேதத்தின் ஆழம். திருப்புளியின் கைப்பிடியால் பலகையைத் தட்டினால் நல்ல மரம் கணீரென்றும் கெட்ட மரம் பொத்தென்றும் ஒலிக்கும். சந்தேகமுள்ள இடத்தில் குத்தூசியால் அழுத்திப் பாருங்கள்; எதிர்ப்பின்றி உள்ளே போனால் அங்கே மரம் இல்லை, மரத்தின் தோற்றம் மட்டுமே இருக்கிறது. கறையும் வீனியர் உரிதலும் மட்டும் இருந்தால் அது அழகு சார்ந்த வேலை. போல்ட் துளைகளைச் சுற்றியோ வெளிக்கூட்டுடன் சேரும் விளிம்பிலோ மரம் உக்கியிருந்தால் அது படகின் உறுதி சார்ந்த வேலை. பாய்மரத்தின் சுமையைத் தாங்குவதே அப்பலகைதான். அந்நிலையில் பாய்மரத்தை இறக்கிய பிறகே பலகையில் கை வைக்க வேண்டும்.

பலகை உறுதியாக இருந்து செயின்பிளேட்டை மட்டும் கழற்றுவதானால், பாய் ஏற்றும் கயிற்றை அதே பக்கத்தில் ஓர் உறுதியான பிடியில் கட்டித் தற்காலிகத் தாங்கல் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றலாம். கழற்றிய பட்டையை, குறிப்பாக மேல்தளத்துக்குள் புதைந்திருந்த பகுதியை, உருப்பெருக்கியால் பாருங்கள். காற்றுப் படாமல் ஈரத்தில் கிடக்கும் துருப்பிடிக்காத எஃகும் அரிக்கும். பழுப்புக் கறையுடன் மயிரிழை விரிசல் தெரிந்தால் பட்டையை மாற்றிவிடுங்கள். மேல்தளத் துளையைச் சுற்றியுள்ள பால்சா என்னும் இலேசான மரத்தாலோ ப்ளைவுட்டாலோ ஆன நடு அடுக்கை ஒரு சென்டிமீட்டர் அளவு தோண்டியெடுத்து, இரு பாகங்களைக் கலந்ததும் இறுகும் பிசினான எபாக்ஸியைக் கெட்டியாகக் குழைத்து நிரப்பி, இறுகிய பின் புதிதாகத் துளையிட்டு, பியூட்டைல் டேப் என்னும் பிசுபிசுப்பான ரப்பர் பட்டையை வைத்துப் பட்டையைப் பொருத்த வேண்டும். சிலிக்கோனை நான் பரிந்துரைப்பதில்லை. அது விட்டுச்செல்லும் படலத்தின் மேல் பின்னர் எதுவும் ஒட்டாது.

ஓட்டை அடைபட்ட பிறகு மரம் காய வேண்டும். மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்தாலும் இதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பசையோ வார்னிஷோ கூடாது.

கருங்கறைக்குக் காரணம் பெரும்பாலும் மரத்திலுள்ள டானினும் ஆணி, திருகுகளிலிருந்து கசிந்த இரும்பும் நீரில் கூடுவதுதான். கடுக்காய் தோய்த்த துணியில் இரும்புக் கரைசல் பட்டதும் கலம்காரிக் கறுப்பு பிறப்பதும் இதே வினையால்தான். இதை நீக்க ஆக்ஸாலிக் அமிலம் உதவும். பழைய வார்னிஷை ரசாயன நீக்கியால் இளக்கி, சுரண்டியால் மரத்தின் ரேகை வழியே எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் வெந்நீரில் 50 முதல் 100 கிராம் வரை கரைத்த அமிலத்தைத் தூரிகையால் பலகை முழுவதும் பூசுங்கள். கறையில் மட்டும் பூசினால், போன கறையின் இடத்தில் வெளிறிய திட்டு ஒன்று நிற்கும். அரை மணி நேரம் கழித்துத் துடைத்து, தேவையானால் மறுமுறை பூசி, இறுதியில் நல்ல நீரால் பலமுறை துடைத்தெடுக்க வேண்டும். இது நச்சுப்பொருள், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மிச்சம் உலர்ந்திருக்கும் பரப்பைத் தேய்த்தால் எழும் தூளைச் சுவாசிக்கவே கூடாது.

உப்பிய வீனியரை ரேகையின் போக்கில் மெல்லிய கத்தியால் கீறி, ஊசிக்குழலால் எபாக்ஸியைச் செலுத்தி, பாலித்தீன் தாள் வைத்து, அதன்மேல் தட்டையான பலகையை அழுத்திப் பிடிக்கச் செய்ய வேண்டும். கறை நீக்கும் வேலையை இதற்கு முன்பே முடித்துவிடுங்கள். எபாக்ஸி ஊறிய மரத்துக்குள் அமிலம் புகாது. வீனியர் பெயர்ந்துபோன இடத்துக்கு ஒட்டு வைப்பதானால் சதுரமாக வெட்டாமல், ரேகையின் திசையில் நீண்ட சாய்சதுரமாக வெட்டினால் இணைப்பு கண்ணுக்கு எளிதில் படாது.

உக்கிய மரத்தில் நீர்த்த எபாக்ஸியை ஊற்றிக் கெட்டிப்படுத்தலாம் என்று பலர் சொல்வார்கள். சுமை தாங்காத மூலைக்கு அது போதும். செயின்பிளேட் போல்ட் நிற்கும் இடத்துக்கு அது ஏமாற்று வேலை. அங்கே உறுதியான மரம் வரும்வரை வெட்டி, அதே கனமுள்ள கடற்தர ப்ளைவுட்டை, பிரிட்டிஷ் தர எண் 1088 பொறித்ததாகப் பார்த்து வாங்கி, கனத்தைப் போல எட்டு மடங்கு நீளச் சரிவாக இரு விளிம்புகளையும் இழைத்து எபாக்ஸியால் ஒட்ட வேண்டும். முழுப் பலகையையே மாற்றுவதானால், அட்டைத் துண்டுகளைச் சூடான பசையால் இணைத்து வெளிக்கூட்டின் வளைவை அச்செடுங்கள். பழைய பலகை பெரும்பாலும் மேல்தளம் மூடப்படும் முன்பே உள்ளே வைக்கப்பட்டது; புதியது கேபின் வாசல் வழியே நுழையுமா என்பதை வெட்டும் முன் அளந்து, நுழையாதெனில் இரு பாகமாகச் செய்து உள்ளே இணைக்கத் திட்டமிடுங்கள். பலகை வெளிக்கூட்டை நேரடியாக முட்டாதபடி இடையில் மெல்லிய நுரைப்பட்டை வைத்து, பெயின்டைச் சுரண்டிய பரப்பில் இருபுறமும் கண்ணாடியிழைத் துணியை எபாக்ஸியால் படிய வையுங்கள். பழைய பரப்பில் பாலியெஸ்டர் பிசின் அவ்வளவு உறுதியாகப் பற்றாது.

வெட்டு விளிம்புகளும் துளைகளின் உட்சுவர்களும்தான் நீரைக் குடிக்கும் வாய்கள். அவற்றுக்கு இரண்டு மூன்று முறை எபாக்ஸி பூசிய பிறகே பொருத்துங்கள். வார்னிஷின் முதல் பூச்சை நீர்த்ததாகவும், அடுத்த நான்கைந்து பூச்சுகளை இடையிடையே 320 எண் உப்புத்தாளால் கையால் லேசாகத் தேய்த்தும் இடுங்கள். கேபினுக்குள் மங்கலான பளபளப்பே கண்ணுக்கு இதம். பியூட்டைல் டேப் மெல்லப் பிதுங்கி அடங்குமாதலால், ஒரு வாரம் கழித்து போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். முதல் பெருமழை பெய்யும்போது டார்ச்சுடன் உள்ளே போய், செயின்பிளேட்டுக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள்.