காலாவதியான பறத்தல் ஆசிரியர் சான்றிதழை மீட்ட கதை

அமெரிக்காவில், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பறத்தல் ஆசிரியரின் சான்றிதழுக்கு அப்போதெல்லாம் 24 மாதம்தான் ஆயுள். வேலை மாறியதில் பறப்பதையே சில வருடம் விட்டிருந்தேன்; அதுவும் காலாவதியானது. ஆயுள் இருக்கும்போது ஒரு புத்தாக்கப் பாடத்தை முடித்தாலே நீட்டித்துவிடலாம். முடிந்த பிறகு? செய்முறைத் தேர்வில் தேறத்தான் வேண்டும்.

என் சான்றிதழில் ஒற்றை இன்ஜின் விமானத்தோடு ஸ்போர்ட் பைலட் (சிறிய, எடை குறைந்த 'லைட் ஸ்போர்ட்' விமானங்களுக்கான) தகுதியும் இருந்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதி 61.427 அங்கேதான் கைகொடுத்தது: அதிலுள்ள தகுதிகளில் ஏதாவது ஒன்றில் தேறினால் போதும், மற்றவையும் கூடவே திரும்பி வரும். சரி, செலவு குறைந்த வழியையே எடுப்போம் என்று ஸ்போர்ட் தேர்வைத் தேர்ந்தெடுத்தேன். லைட் ஸ்போர்ட் விமானத்துக்கு மெடிக்கல் சான்றிதழ் இல்லாமல் ஓட்டுநர் உரிமமே போதும் என்பது கூடுதல் வசதி (கடைசி மெடிக்கல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் இது செல்லாது).

வாடகைக்குக் கிடைத்தது முன்னும் பின்னுமாக இரண்டு சீட் கொண்ட பழைய பைப்பர் ஜே-3 கப் விமானம். 65 குதிரைசக்தி, ஸ்டார்ட்டர் கிடையாது, புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். தனியாகப் பறந்தால் பின்சீட், ஆசிரியருக்கோ முன்சீட். அங்கிருந்து குதிகால் பிரேக்கைத் தேடவே பழக வேண்டியிருந்தது. இறங்கும்போது வால் ஒரு பக்கம் இழுப்பதைப் பெடலில் திருத்திக்கொண்டே வாயால் விளக்கவும் வேண்டும். என் பயிற்சி நேரம் முக்கால்வாசி இதற்கே போனது. வாய்மொழிக் கேள்விகள் அவ்வளவு சிரமமில்லை.

2024 டிசம்பர் 1 முதல் சான்றிதழில் காலாவதி தேதியே இல்லை. ஆனால் 24 மாதத்துக்கு ஒருமுறை அண்மை அனுபவத்தைக் காட்ட வேண்டும். தவறினால் மூன்று மாத அவகாசத்துக்குள் புத்தாக்கப் பாடம் போதும், அதற்கப்புறம் மறுபடி தேர்வுதான்.