பைத்தான் டிக்ஷனரி போடுததும் மாத்துததும், நம்ம அணைக்கட்டு கணக்கை வச்சு

ஐப்பசி பொறந்துட்டா நம்ம திருநெல்வேலிப் பக்கம் காலைல காப்பி குடிக்கும்போதே பாபநாசம் அணைல தண்ணி எவ்வளவு, மணிமுத்தாறு அணைல எவ்வளவுன்னுதான் பேச்சு, அதனால பைத்தான்ங்குற கம்ப்யூட்டர் மொழில உள்ள டிக்ஷனரியையும் அதை வச்சே சொல்லுதேன். அணை பேரைச் சொன்னா மட்டம் வரணும், அவ்வளவுதான். பேரு கீ, மட்டம் வேல்யூ.

கையால போடணும்னா:

உச்சம் = {"பாபநாசம்": 143, "சேர்வலாறு": 156, "மணிமுத்தாறு": 118}

இது அடிக்கணக்குல முழு மட்டம். பைத்தான் 3ல வேரியபிள் பேரைத் தமிழ்லயே வைக்கலாம், இந்த வரி அப்படியே ஓடும். உச்சம்["பாபநாசம்"] கேட்டா 143 வந்துரும். இல்லாத பேரைக் கேட்டா கீஎரர்னு (KeyError) தப்பு காட்டி நின்னுரும், கெட் (get) போட்டுக் கேட்டா நிக்காது.

பேரு ஒரு லிஸ்ட், மட்டம் ஒரு லிஸ்ட்னு தனித்தனியா இருந்தா ஜிப்ல (zip) ஜோடி ஜோடியா கோத்து டிக்ட்டுக்குள்ள (dict) போடுங்க (கோடுல இதையெல்லாம் இங்கிலீஷ் எழுத்துலயே அடிக்கணும்). பேரு அஞ்சு இருந்து மட்டம் நாலுதான் இருந்துச்சுன்னா ஜிப் ஒரு வார்த்தை சொல்லாம அஞ்சாவதை விட்டுரும், பைத்தான் 3.10ல இருந்து ஸ்ட்ரிக்ட் = ட்ரூன்னு (strict=True) சேர்த்தா எரர் காட்டும், நான் அதைச் சேர்க்காம எழுதுததே இல்ல.

அதே பேரு திரும்ப வந்தா கடைசியா வந்த மட்டம்தான் நிக்கும். ஒரு வாரத்து கணக்கை அப்படி மாத்துனா ஒரு அணைக்கு ஒரு நாள் மட்டம்தான் மிஞ்சும், மத்த ஆறும் போச்சு. எல்லாம் வேணும்னா வேல்யூவை லிஸ்டா வச்சு, பேரு இல்லன்னா காலி லிஸ்டை வைக்கிற செட்டீஃபால்ட்ல (setdefault) எடுத்து, மட்டத்தைக் கடைசில சேர்க்குற அப்பெண்ட் (append) பண்ணுங்க.

அடுத்தது நம்ம தமிழ்ல எழுதும்போது வர்ற சிக்கல். எங்க சித்தி மவன் பாளையங்கோட்டைல காலேஜ் படிக்கான், போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து "அண்ணே, கொடுமுடியாறு உள்ள இருக்கு, கேட்டா இல்லங்குது"ன்னு நிக்கான். உள்ள இருக்க பேரையும் அவன் கேக்குற பேரையும் பிரிண்ட் பண்ணிப் பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலதான் தெரியுது. எத்தனை குறின்னு எண்ணுத லென் (len) போட்டோம், ஒண்ணு 12, இன்னொண்ணு 13! ஒரு ஃபைல்ல "கொ"வோட குறி ஒரே எழுத்தா இருக்கு, இன்னொண்ணுல ஒத்தைக்கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு ஒண்ணு, பைத்தானுக்கு ரெண்டு கீ. யூனிகோட்டேட்டா (unicodedata) மாட்யூல்ல நார்மலைஸ் (normalize) இருக்கு, பிரிஞ்சிருக்க குறியை ஒண்ணா சேர்க்குற "என்எஃப்சி"ன்னு (NFC) குடுத்து எல்லா கீயையும் அதுல ஓட்டிட்டு, முன்னாடி பின்னாடி இருக்க இடைவெளியை வெட்டுத ஸ்ட்ரிப்பும் (strip) போட்டு, அப்புறம் உள்ள வைங்க. கேக்கும்போதும் அதே மாதிரி ஓட்டிட்டுத்தான் கேக்கணும், ஒரு பக்கம் மட்டும் செஞ்சா பிரயோஜனம் இல்ல.

தகவலை எழுத்தா மாத்தி வைக்கிற ஜேசானா (JSON) மாத்துதியளா, டம்ப்ஸ்ல (dumps) என்ஷூர் அண்டர்ஸ்கோர் ஆஸ்கி = ஃபால்ஸ் (ensure_ascii=False) குடுங்க, இல்லன்னா தமிழெல்லாம் பேக்ஸ்லாஷ் யூ போட்ட கோடா மாறிரும், படிக்கவே முடியாது. வருஷத்தைக் கீயா வச்சிருந்தாலும் கவனம், 2023ங்குற நம்பர் ஜேசானுக்குள்ள போயிட்டுத் திரும்பி வரும்போது ஸ்ட்ரிங்கா, அதாவது எழுத்தா வரும், இன்ட் (int) போட்டு நம்பரா மாத்திக்கிடுங்க.