விண்டோஸ் 11 நிறுவும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

புதிய கணினியைத் திறந்ததும் வரும் திரைகளில் 'அடுத்து', 'அடுத்து' என்று தட்டிக்கொண்டே போய்விடுகிறோம். அந்த ஓட்டத்தில் ஒன்று கவனிக்கப்படாமலே நடந்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழைந்தால், பெரும்பாலான புதிய கணினிகளில் டிஸ்க் முழுவதும் தானாகவே குறியாக்கம் செய்யப்படும். நல்ல ஏற்பாடுதான். லேப்டாப் திருடுபோனாலும் உள்ளே இருப்பதை யாராலும் படிக்க முடியாது. ஆனால் கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்தாலோ, மதர்போர்டை மாற்றினாலோ, நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் அமைப்பைத் தொட்டாலோ, அடுத்த முறை திறக்கும்போது டிஸ்க்கைத் திறப்பதற்கான 48 இலக்க எண்ணை, அதாவது ரெக்கவரி கீயைக் கேட்கலாம். அது இல்லையென்றால் உங்கள் கோப்புகளும் இல்லை. மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது.

அந்தக் கீ, முதலில் நுழைந்த கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். கணினியை வேறொருவர் தன் கணக்கைப் போட்டு அமைத்துத் தந்திருந்தால், கீ இருப்பது அவரிடம்! அதனால் முதல் நாளே உங்கள் கணக்கில் கீ இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஒரு தாளிலும் அச்சிட்டு வையுங்கள். அதே கணினியில் சேமித்து வைப்பதால் பயனில்லை.

அடுத்தது பேக்கப். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் எல்லாம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். அது ஒத்திசைவு, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தனியாகக் கழற்றி வைக்கக்கூடிய ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் இருக்கட்டும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், தகுதியில்லை என்று காட்டும் கணினிகளிலும் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றுகிறார்கள். அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்புக்காக மாறிவிட்டு அதையே இழப்பதில் என்ன லாபம்? முதலில் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருந்தும் அணைக்கப்பட்டிருக்கலாம். இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால், விண்டோஸ் 11-க்குத் தேவையான யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு மாற்றியதும் கணினி பூட் ஆகாது. விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் அதை முதலில் ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றுங்கள். கோப்புகள் அழியாது, இருந்தாலும் பேக்கப் எடுத்த பிறகே செய்யுங்கள்.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுகிறீர்களா? குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். அதில் இருப்பது அழிந்துவிடும். வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை முன்பே இறக்கி இன்னொரு பென்டிரைவில் வையுங்கள். இணையம் கிடைக்காமல் பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்தவர்கள்தான். சில இன்டெல் லேப்டாப்களில் டிஸ்க்கே பட்டியலில் வராது. பதற வேண்டாம், டிஸ்க்கைக் கையாளும் இன்டெலின் விஎம்டி டிரைவரை ஏற்றினால் வந்துவிடும். அப்புறம், எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் பார்ட்டிஷன் திரைக்குப் போகும் முன் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிடுங்கள். அங்கே வெறும் எண்களும் அளவுகளும்தான் தெரியும்; தவறான டிஸ்க்கை அழிக்க ஒரு கிளிக் போதும்.

பழைய விண்டோஸின் மேலேயே அப்கிரேட் செய்தவர்களுக்கு, திரும்பிப் போக வழக்கமாக 10 நாட்கள்தான் அவகாசம். பழையது அதுவரை விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரில் இருக்கும். இடம் போதவில்லை என்று அதை உடனே அழித்துவிடாதீர்கள். பிரிண்டர், ஸ்கேனர், அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள் எல்லாவற்றையும் அந்த நாட்களுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.