1966 மஸ்டாங்குக்கு ஐந்தாவது கியர்: டி-5 பாக்ஸ் மாற்றுவது எப்படி?

289 கன அங்குல வி8 இன்ஜின் போட்ட 1965, 66 ஃபோர்டு மஸ்டாங் காரை ஹைவேயில் ஓட்டியவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரியும். 100 கிலோமீட்டர் வேகம் வந்ததும் கை தானாகவே அடுத்த கியரைத் தேடும். ஆனால் நாலோடு முடிந்துவிட்டது. 25 அங்குல டயரும் 3.50 ஆக்சிலும் (சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.50 முறை சுற்றும்) இருந்தால், அந்த வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 சுற்று சுற்றும். டி-5 என்ற ஐந்து கியர் கொண்ட கியர்பாக்ஸின் ஐந்தாவது கியரில் (விகிதம் 0.68) அது 2,000-க்கு இறங்கும். சத்தமும் சூடும் குறையும், பெட்ரோலும் மிச்சமாகும். வண்டியைத் தினமும் எடுக்கலாம் என்ற ஆசையே அப்போதுதான் வரும்.

எந்த பாக்ஸ் வாங்குவது?

போர்க்-வார்னர் செய்த டி-5, வி8 மஸ்டாங்கில் 1983 முதல் 1995 வரை வந்தது. நமக்குத் தோதானது 1985 முதல் 1993 வரை 5.0 லிட்டர் வண்டிகளில் வந்தது. 1994, 95 பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் பக்கம் நீளும் தண்டு) நீளம் அதிகம், அதற்கு ஆழமான பெல் ஹவுசிங் (இன்ஜினையும் பாக்ஸையும் இணைக்கும், கிளட்சை மூடும் கூடு) வேண்டும். பழைய பார்ட்ஸ் கடையில் நாலு சிலிண்டர் மஸ்டாங்கின் டி-5 மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். அதன் முதல் கியர் ஏறக்குறைய 4.00, வி8-க்கு உதவாது. பின்பக்க போல்ட்டில் தொங்கும் தகட்டில் 1352 என்று தொடங்கும் எண் இருக்கும். அதை வைத்து எந்த வண்டியின் பாக்ஸ் என்று உறுதி செய்த பிறகு பணம் கொடுங்கள்.

1989 வரை வந்தவை 265 பவுண்டு-அடி டார்க் தாங்கும், 1990 முதல் 93 வரை வந்தவை 300. சாதாரண ஓட்டத்துக்கு இது போதும். டிராக் ரேஸ் போல கிளட்சைச் சட்டென்று விட்டுக் கிளப்பும் பழக்கம் இருந்தால், 330 தாங்கும் டி-5இசட் வாங்குவதே நல்லது.

ஃப்ளைவீல்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்

டி-5 கொண்டுவந்த 5.0 வண்டியின் பெல் ஹவுசிங், 66-இன் ஆறு போல்ட் இன்ஜினில் அப்படியே உட்காரும். அதே வண்டியின் ஃப்ளைவீலும் (கிராங்கின் பின்முனையில் சுற்றும் கனமான சக்கரம்) போல்ட் துளை பிசகாமல் பொருந்தும். ஆபத்தே அதில்தான். இந்த இன்ஜின்களில் சமன் செய்யும் எடையின் ஒரு பகுதி ஃப்ளைவீலிலும் கிராங்கின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் டாம்ப்பரிலும் இருக்கிறது. 289-க்கு 28 அவுன்ஸ் பேலன்ஸ். எண்பதுகளில் வந்த 5.0-க்கு 50 அவுன்ஸ். மாற்றிப் போட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடவும் ஓடும், ஆனால் சுற்று ஏற ஏற உடம்பெல்லாம் அதிரும். அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும். அதனால் 28 அவுன்ஸ், 157 பல் ஃப்ளைவீல் என்று கேட்டு வாங்குங்கள்.

அந்த பெல் ஹவுசிங் கேபிள் கிளட்சுக்கானது. பழைய கம்பி லிங்கேஜைக் கழற்றிவிட்டு, பெடலைக் கேபிளுக்கு மாற்றும் கிட் போட வேண்டும். டி-5-க்கான கிராஸ்மெம்பரையும் (பாக்ஸை அடியில் தாங்கும் குறுக்குச் சட்டம்) முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பழையதைக் கழற்றுதல்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டியை நாலு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் படுக்கக் கூடாது. டிரைவ் ஷாஃப்ட் (பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு), ஸ்பீடோ கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், கியர் கம்பிகள் என்று வரிசையாக எடுங்கள். ஆயில் பேனுக்கும் ஜாக்கிக்கும் நடுவே மரக்கட்டை வைத்து இன்ஜினைத் தாங்கிக்கொண்டு, கிராஸ்மெம்பரைக் கழற்றுங்கள். பழைய பாக்ஸ் வார்ப்பிரும்பு, நல்ல கனம். டிரான்ஸ்மிஷன் ஜாக்கி வாடகைக்கு எடுத்தால் இடுப்பு தப்பிக்கும். எல்லாம் திறந்து கிடக்கும்போதே கிராங்க் பின்பக்க சீலையும் பைலட் பேரிங்கையும் (இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது) புதிதாக மாற்றிவிடுங்கள்.

பூட்டுதல்

ஃப்ளைவீல் போல்ட்களை 75 முதல் 85 பவுண்டு-அடிக்குள் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். அடுத்து பெல் ஹவுசிங்கை மட்டும் பூட்டி, டயல் கேஜைக் காந்தத்தால் ஃப்ளைவீலில் நிறுத்தி, நடுத்துளையின் விளிம்பில் முள்ளை வைத்து கிராங்கைக் கையால் சுற்றுங்கள். முள் ஆடும் மொத்த அளவில் பாதி, அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்கை (0.005 அங்குலம்) தாண்டக் கூடாது. தாண்டினால் ஆஃப்செட் டவல் பின் (பெல் ஹவுசிங்கை நிலைநிறுத்தும், மையம் சற்று விலகிய முளை) போட்டுச் சரிசெய்யுங்கள். சோம்பலில் இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். பிறகு கியர் விழவில்லை, பேரிங் கத்துகிறது என்று பாக்ஸைக் குறை சொல்வார்கள்.

கிளட்ச் பிளேட்டை அலைன்மென்ட் டூல் வைத்து நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட்டைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அப்புறம் பாக்ஸ். ஏறக்குறைய 34 கிலோ. அதை ஏதாவது ஒரு கியரில் போட்டு, நேர்மட்டமாகத் தூக்கித் தள்ளுங்கள். பின்பக்க ஷாஃப்டைக் கையால் லேசாகத் திருப்பினால் பல்லோடு பல் சேர்ந்து, 'டக்' என்று உள்ளே போய் பெல் ஹவுசிங்கோடு முகம் ஒட்டும். அரை அங்குலம் இடைவெளி நின்றால் போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள், அலுமினியக் காது உடைந்துவிடும். பாக்ஸைப் பாதியில் தொங்கவும் விடாதீர்கள், கிளட்ச் பிளேட் வளைந்துவிடும். வெளியே எடுத்து, பிளேட்டை மறுபடி நடுவில் நிறுத்தி முயலுங்கள். மூன்று முறை ஆனாலும் பரவாயில்லை.

கிராஸ்மெம்பர் போட்ட பிறகு டிரைவ் ஷாஃப்ட் நீளத்தை அளங்கள். யோக்கை (பாக்ஸுக்குள் நுழையும் ஷாஃப்டின் முன்முனை) கடைசிவரை தள்ளி, ஒரு அங்குலம் பின்னே இழுத்த நிலையில் ஷாஃப்ட் பொருந்த வேண்டும். யோக் 28 பல். பாக்ஸின் சாய்வும் ஆக்சில் பினியனின் (ஷாஃப்டோடு இணையும் பல் சக்கரம்) சாய்வும் இணையாக இருக்கட்டும். ஆக்சில் விகிதத்துக்கு ஏற்ற ஸ்பீடோ பல்லைப் போடுங்கள். கியர் குச்சி எங்கே வருகிறது என்று பார்த்த பிறகுதான் தளத்தில் வெட்டு வேலை.

ஆயில் விஷயத்தில் கவனம். இந்த டி-5-க்குக் கெட்டியான கியர் ஆயில் கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஊற்றும் ஏடிஎஃப்தான், ஏறக்குறைய 2.65 லிட்டர்.

முதல் ஓட்டம்

ஸ்டாண்டில் வைத்தே எல்லாக் கியரையும் போட்டு, ஒழுகல் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் நிதானமாக ஓட்டினால் புது கிளட்ச் நன்றாகப் படியும். ஐந்தாவது கியரை 80-க்குக் கீழே போட வேண்டாம், இன்ஜின் முக்கும். ஆக்சில் 3.00 என்றால் 100-இல்கூட 1,700 சுற்றுதான் வரும். அப்படிப்பட்டவர்கள் கையோடு 3.50 கிரவுன் பினியனுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.